ஆடிப்பட்டத்தில் புல் விதை தூவலாமா?

2023 ஜூலை 19, சூலூரிலிருந்து வந்த கேள்வி

ஐயா, வீட்டு முன்புறம் மூன்று சென்ட் இடம் காலியாகக் கிடக்கிறது. புல்தரை போட ஆசை. பெர்முடாப் புல்லின் விதை ஒரு கிலோ இணையத்தில் வாங்கி வைத்திருக்கிறேன். பவர் டில்லர் விட்டு இரண்டு முறை ஓட்டியாயிற்று. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஞாயிறே தூவிவிடலாம் என்று இருக்கிறேன். ஒரு மூலையில் மாமரம் நிற்கிறது. விதைத்த பிறகு என்னென்ன செய்ய வேண்டும்?

2023 ஜூலை 19, இரவு

தம்பி, ஞாயிற்றுக்கிழமை தூவாதீர்கள். விதைத்த பிறகு செய்வதைக் கேட்கிறீர்கள். என்னிடம் சொல்ல இருப்பதெல்லாம் விதைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை.

முதலில் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் நம் பக்கம் ஓயாது. நான் கோவையில் வடவள்ளிப் பக்கம் இருக்கிறேன். இங்கே கொடியில் போட்ட வேட்டி நிற்பதில்லை. பெர்முடா விதை ஒரு கிராமில் ஏறக்குறைய நாலாயிரம் இருக்கும். கடுகைவிடப் பல மடங்கு சிறியது. போன வருடம் ஆடியில்தான் நானும் ஒன்றரை சென்ட்டில் தூவினேன். மூன்றாம் நாள் பார்த்தால் கிழக்குச் சுவரின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். என் விதைதான், தூசியோடு சேர்ந்து சுவரோரமாக ஒதுங்கியிருந்தது. பத்து நாள் கழித்து அந்தக் கோடு மட்டும் அடர்த்தியாக முளைத்தது. நடுத்தரை மொட்டை.

ஆடிப்பட்டம் என்ற சொல் மானாவாரிக்காரருடையது. சோளமும் பயறும் உழுத சாலில் விழுந்து மண்ணால் மூடப்படும். அடுத்து வரும் மழைக்குக் காத்திருக்கும். புல் விதையை அப்படி மூட முடியாது. கால் அங்குலத்துக்குக் கீழே போனால் அதற்கு மேலே வரத் தெம்பில்லை. மண்ணின் மேல்தோலில்தான் கிடக்க வேண்டும். அங்கே கிடப்பதைக் காற்று விடாது.

2023 ஜூலை 20

இரவு எழுதியதைக் காலையில் படித்தேன். பழமொழியையே குறை சொன்னது போல் ஆகிவிட்டது. அப்படி இல்லை. மதுரை, திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆடி எப்படி என்று நான் பேசவில்லை. கோவையின் காற்றைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். நான்கு பக்கமும் ஆள் உயரச் சுவர் இருந்து நடுவில் சிறிய முற்றமாக இருந்தால் ஆடியிலும் விதைக்கலாம்.

மாமரத்தை மறந்துவிட்டேன். அதன் நிழலில் ஒரு விதைகூடப் போடாதீர்கள். பெர்முடாவுக்கு ஆறேழு மணி நேர வெயில் வேண்டும். முளைக்கும், இரண்டு மாதம் நீண்டு மெலிந்து நிற்கும், பிறகு இருந்த இடம் தெரியாமல் போகும்.

2023 ஜூலை 23

விதையைச் சோதித்தீர்களா? பாக்கெட்டில் முளைப்புத்திறன், பரிசோதித்த தேதி, காலாவதித் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு இணையத்தில் வந்த பாக்கெட்டில் அழகான படம் இருந்தது, இந்த மூன்றும் இல்லை.

செய்முறை எளிது. பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து நூறு விதைகளை எண்ணி வையுங்கள். மடித்து ஒரு டப்பாவில் போட்டு மூடி, சமையலறையில் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். நாளுக்கு ஒரு முறை திறந்து ஈரம் பாருங்கள். உமி நீக்கிய விதையானால் ஒரு வாரத்தில் தொடங்கி இரண்டு வாரத்தில் முடித்துவிடும். உமியோடு இருப்பதற்கு இன்னும் ஒரு வாரம் கூட ஆகலாம். எண்ண முடியாத அளவு சிறியது, ஆகவே வெள்ளைத் தாளில் கொட்டி, நனைத்த குச்சி நுனியால் ஒவ்வொன்றாக எடுங்கள். என் மகள் மூக்குக்கண்ணாடி இல்லாமல் எண்ணித் தந்தாள்.

என் பாக்கெட்டில் நூற்றுக்கு 54. இதைத் தெரிந்துகொள்ளாமல் போன வருடம் காற்றை மட்டும் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. பச்சை, நீல நிறத்தில் பூச்சுப் பூசிய விதையும் வருகிறது. பல சமயம் எடையில் பாதி அந்தப் பூச்சுதான். ஒரு கிலோ வாங்கினால் கையில் இருப்பது அரைக் கிலோ விதை என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

2023 ஜூலை 30

இன்று நேரம் இருக்கிறது, கோரை என்ற களையைப் பற்றி எழுதுகிறேன். புல்தரை பொய்த்துப்போனவர்கள் பத்துப் பேரிடம் கேளுங்கள். தண்ணீர், உரம், விதை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அவர்கள் தரையைப் போய்ப் பாருங்கள், கோரை நிற்கும்.

நேற்று என் தரையில் ஒரு சதுர அடியை மட்டும் அளந்து, ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, மண்ணை ஜல்லடையில் சலித்தேன். 37 கிழங்குகள். மேலே தெரிந்த செடிகள் ஒன்பதுதான். கிழங்கு கறுப்பாக, பட்டாணி அளவில், மேலே நார் போர்த்தி இருக்கும். ஒன்றிலிருந்து கறுப்புக் கம்பி போல் ஒரு தண்டு போய் அடுத்த கிழங்கில் முடியும், அதிலிருந்து இன்னொன்றுக்கு. மாலை கோத்தது போல் இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை, வாசனை வரும். நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று விற்பது இதைத்தான். என் அம்மாயி குளியல் பொடிக்கு இதைக் காயவைத்து இடிப்பார். கொல்லையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் விட்டு வைத்து, மற்ற இடங்களில் தலைகாட்டினால் உடனே தோண்டச் சொல்வார். செடியைப் பிடுங்கினால் அவருக்குக் கோபம் வரும். "தலைய அறுத்தா அது ரெண்டா வரும், குண்ட எடு" என்பார். குண்டு என்றால் கிழங்கு.

அவர் சொன்னது அப்படியே உண்மை. இலையைக் கிள்ளினால் கிழங்கு மறுபடி முளை விடும். ஒரு கிழங்கில் பல கண்கள் இருக்கின்றன. புல் விதை தூவி, தினமும் இரண்டு வேளை பூவாளியால் நீர் தெளித்து, உரமும் போட்டால் அந்தக் கவனிப்பு முழுவதும் முதலில் கோரைக்குத்தான் போகும். புல் எட்டாம் நாள் மயிரிழையாக வரும்போது கோரை விரல் நீளத்துக்கு நிற்கும். அப்போது பிடுங்கப் போனால் சுற்றியுள்ள புல் முளைகளும் மண்ணோடு வந்துவிடும். அதனால்தான் சொல்கிறேன், இப்போதே, விதைக்கும் முன்பே.

நான் செய்யப்போவது இது. தரையை ஒரு தரம் கொத்திவிட்டு, விதைக்காமலேயே விதைத்தது போல் நீர் விடுவது. மண்ணில் இருக்கும் களை எல்லாம் வரட்டும். பார்த்தீனியம், அம்மான் பச்சரிசி, சாரணை, குப்பைக்கீரை எல்லாம் மூன்று வாரத்தில் தலை நீட்டும். அவற்றை மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டு, கோரையை மட்டும் கிழங்கோடு தோண்டுவது. மறுபடி நீர். மறுபடி மூன்று வாரம். இரண்டாம் சுற்றுக்குப் பிறகு மண்ணைப் புரட்டவே கூடாது. புரட்டினால் அடியில் தூங்கும் விதைகள் மேலே வந்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

2023 ஆகஸ்ட் 6

ஒரு திருத்தம். நண்பர் ஒருவரிடம் முன்பு 'பவர் டில்லர் விட்டுப் பொடியாக்கு, கோரை அழிந்துவிடும்' என்று நானே சொல்லியிருந்தேன். அது தவறு. நீங்களும் இரண்டு முறை ஓட்டியிருக்கிறீர்கள், அதனால் சொல்லியாக வேண்டும். கத்தி அந்தக் கிழங்கு மாலையை அறுத்து இடமெங்கும் பரப்பிவிடுகிறது. ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும்வரை பல கிழங்குகள் தூங்கும். தனித்தனியாக ஆனதும் ஒவ்வொன்றும் முளைக்கப் பார்க்கும்.

கோடையில், நீர் கொஞ்சமும் விடாமல் ஓட்டினால் கதை வேறு. புரண்டு மேலே வந்த கிழங்கு சித்திரை வெயிலில் இரண்டு வாரம் காய்ந்தால் சுருங்கிச் செத்துவிடும். ஆடித் தூறலில் ஓட்டினால் அது நட்டு வைத்தது மாதிரி.

பாலித்தீன் பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். கருப்புத் தாள் விரித்துப் பார்த்தேன். கோரையின் குருத்து ஊசி போல் தாளைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. வெயிலில் மண்ணைச் சுட வைக்க வேண்டுமானால் நிறமற்ற, கண்ணாடி போன்ற தாள்தான் வேண்டும். மண்ணை நனைத்து, தாளை இழுத்துக் கட்டி, ஓரங்களை மண்ணால் புதைத்து, சித்திரை, வைகாசியில் ஆறு வாரம் விட வேண்டும். சின்னக் களைகளின் விதைகள் வெந்துவிடும். ஆழத்தில் இருக்கும் கோரைக்கிழங்கு முழுவதும் சாகும் என்று நம்பாதீர்கள்.

2023 ஆகஸ்ட் 27

பொள்ளாச்சியிலிருந்து ஒரு அம்மா, "களைக்கொல்லி ஒரு தடவை அடித்தால் போதுமே, எதற்கு இத்தனை பாடு" என்று எழுதியிருக்கிறார்.

அம்மா, கிளைபோசேட் இலை வழியாக இறங்கிக் கிழங்கையும் எட்டும், மறுக்கவில்லை. ஆனால் 2022 அக்டோபரில் மத்திய அரசு அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தி, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே அடிக்கலாம் என்று அறிவித்தது. கடையில் வாங்கி நாமே அடிப்பது சரியல்ல. எனக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. என் தரையிலிருந்து பதினைந்து அடியில் கிணறு. பேரன் அந்த மண்ணில்தான் உட்கார்ந்து விளையாடுகிறான். ஒன்றரை சென்ட்டுக்கு எனக்கு மண்வெட்டி போதும்.

முதல் சுற்று முடிந்தது. களையெடுக்க வந்த அக்காவும் நானும் நான்கு காலைப் பொழுதுகள் உட்கார்ந்தோம். சாக்கில் அள்ளிய கிழங்கு மூன்றரைக் கிலோ. அதை எருக்குழியில் போட்டுவிடாதீர்கள். மொட்டை மாடியில் கொட்டி நன்றாகக் காயவிட்டு எரித்தேன்.

2023 செப்டம்பர் 18

பிள்ளையார் சதுர்த்தி. ஒருவர் கேட்டிருக்கிறார்: "பெர்முடா, பெர்முடா என்கிறீர்களே, அது நம் அருகம்புல்தானே? வயலில் பிடுங்கி எறிவதைக் காசு கொடுத்து விதைப்பதா?"

ஆமாம், அதுவேதான். காலையில் பூ மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக வைத்து விற்றார்களே, அந்த அருகுதான். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று மணமக்களை வாழ்த்துகிறோம். விதைப் பாக்கெட்டில் வருவது அதிலேயே இலை மெல்லியதாக, அடர்ந்து படர்வதாகத் தேர்ந்த ரகம். வயல் வரப்பில் இருக்கும் அருகு நீளக் கணுக்களோடு ஓடும், தரை தெரியும்.

உண்மையில் நம் ஊரில் பெரும்பாலோர் விதைப்பதே இல்லை. அருகைக் கணுக் கணுவாக நறுக்கி இடைவெளி விட்டு ஊன்றுவார்கள், அல்லது சாணியும் மண்ணும் குழைத்துத் துண்டுகளைக் கலந்து தரையில் மெழுகுவார்கள். நர்சரியில் கொரியன், மெக்சிகன் என்று பாயாக வெட்டி விற்பதை விரிப்பவர்களும் உண்டு. அந்தப் பாய்களோடு கோரையும் வீட்டுக்குள் வந்து சேர்வதைப் பார்த்த பிறகுதான் நான் விதைக்குத் திரும்பினேன்.

கோல்ஃப் மைதானப் புல்லின் விதை எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கும் இங்கேயே பதில். கிடைக்காது. அங்கே அதிகம் போடும் டிஃப்வே 419 போன்றவை இரண்டு இனங்களைக் கலந்து உருவாக்கியவை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டனில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி உருவாக்கி 1960இல் வெளியானது. அது மலடு, முளைக்கும் விதை வைக்காது. துண்டு நட்டுத்தான் பெருக்க முடியும். அந்தப் பெயரில் விதை விற்றால் வாங்காதீர்கள்.

2023 செப்டம்பர் 19

டொராண்டோவிலிருந்து தம்பி மகன் கென்டக்கி ப்ளூகிராஸ் கொண்டுவரட்டுமா என்று கேட்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். வேண்டாம். அது குளிர் நாட்டுப் புல், நம் சித்திரையைத் தாண்டாது. தாவர நலச் சான்றும் அனுமதியும் இல்லாமல் விதையைப் பெட்டியில் கொண்டுவரவும் கூடாது. 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை அதற்குத்தான் இருக்கிறது. பார்த்தீனியம் நமக்கு எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

2023 அக்டோபர் 8

மட்டம். கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் ரசமட்டத்தைப் பையிலேயே வைத்துவிட்டு டியூப் மட்டத்தை எடுத்தார். நீர் நிரப்பிய குழாயின் ஒரு முனை வீட்டுப் படியருகில், மறுமுனை கேட்டருகில். முப்பது அடி நீளத்துக்கு நான்கு அங்குல வாட்டம் கொடுத்து நூல் கட்டினார். தரை வீட்டைப் பார்த்துச் சாய்ந்தால் மழைநீர் கடைக்காலுக்குப் போகும். வெளிப்புறமாகத்தான் சாய வேண்டும். நூலுக்குக் கீழே மட்டப்பலகை போட்டு இழுத்ததும் நடுவில் ஒரு பள்ளம் தெரிந்தது. போன வருடம் கோரை மிக அடர்ந்து வந்ததும் அதே இடத்தில்தான். நீர் தேங்கும் இடம் அதற்குப் பிடிக்கும்.

மணலைப் பற்றி: எங்கள் மண் பாதி கரிசல். கரிசலில் கொஞ்சம் மணல் கலந்தால் இளகும் என்று நினைப்பது சகஜம். கொஞ்சமாகக் கலந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும். நான் மணலை விட்டுவிட்டு மக்கிய எருவைத்தான் கலந்தேன்.

2023 அக்டோபர் 9

'மக்கிய' என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். பாதி மக்கிய சாணத்தைப் போட்டால் மாடு தின்ற களையின் விதை எல்லாம் உங்கள் தரைக்கு வந்துவிடும். கையில் எடுத்தால் சாண நாற்றம் இருக்கக் கூடாது, மழை பெய்த மண்ணின் வாசனை வர வேண்டும். எருவைக் கலந்துவிட்டு இரண்டாம் சுற்று நீர் விட்டிருக்கிறேன். அதிலிருந்து வரும் களையும் விதைக்கு முன்பே வந்து தீரட்டும்.

2023 நவம்பர் 12

சூலூர்த் தம்பி பொறுமை இழந்து, "ஐப்பசி மழை நன்றாக இருக்கிறது, இப்போதாவது?" என்று கேட்கிறார். தம்பி, நேற்று பெய்த மழையில் என் தரையின் மேல்மண்ணே கேட்டுக்கு வெளியே போயிருக்கிறது. விதை இருந்திருந்தால் அது சாக்கடையில் முளைத்திருக்கும். கோவைக்கு இரண்டு மழைக்காலங்களில் இதுதான் பெரியது. மார்கழி, தையில் இரவு குளிர்ந்து முளைப்பு தாமதப்படும். மாசிக்குக் காத்திருங்கள். காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, மண் சூடேறியிருக்கும். தண்ணீர் மட்டும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

2024 பிப்ரவரி 18, மாசி

விதைத்தாயிற்று.

காலை ஆறரை மணிக்குத் தொடங்கினேன். மரத்து இலை அசையவில்லை. தரையில் நூல் கட்டி ஆறு பட்டைகளாகப் பிரித்திருந்தேன். 300 கிராம் விதையைச் சலித்த உலர் மணல் மூன்று கிலோவோடு பிசறி, இரண்டு பங்காக்கிக்கொண்டேன். முதல் பங்கைத் தெற்கு வடக்காக நடந்து, இரண்டாவதைக் கிழக்கு மேற்காக நடந்து தூவினேன். கோலப்பொடி தூவுவது போல விரல் இடுக்கில் விட்டேன். வீசினால் பட்டை பட்டையாக விழும். மணல் வெளுப்பாக இருந்ததால் எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்று தெரிந்தது.

பிறகு ஈர்க்குமாறைத் திருப்பிப் பிடித்து, எடை கொடுக்காமல் இழுத்தேன். பாதி விதை மறையும், பாதி தெரியும், அது போதும். ரோலர் என்னிடம் இல்லை. பலகை போட்டு அதன் மேல் ஏறி நின்று, நகர்த்தி, மறுபடி ஏறி நின்றேன். இதை விட்டுவிடாதீர்கள். விதை மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் ஈரம் ஏறும். மேலே நனைத்த சணல் சாக்குகளை விரித்து, ஓரங்களில் கல் வைத்தேன். வைக்கோல் போடலாம் என்று ஒருவர் சொன்னார். போன வருடம் போட்டு, அதிலிருந்த நெல் முளைத்துப் பிடுங்கியதே ஒரு வேலையாயிற்று.

பூவாளியில் நீர் சாக்கின் மேல்தான் விட வேண்டும். குழாயை நேராகப் பிடித்தால் ஒரே நிமிடத்தில் அத்தனை வேலையும் ஓரத்துக்கு ஓடிவிடும்.

2024 பிப்ரவரி 21

எறும்பு! சாக்கின் ஓரத்தைத் தூக்கினால் ஒரு கறுப்பு வரிசை. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு விதை. வரிசையைத் தொடர்ந்து போனேன். துளசி மாடத்துக்குப் பின்னால் புற்று வாய், அதைச் சுற்றி வட்டமாக உமி. மருந்து போட மனம் வரவில்லை. அரிசி நொய்யை ஒரு கைப்பிடி எடுத்து, புற்றுக்கும் தரைக்கும் இடையே குவித்தேன். மாலைக்குள் வரிசை அங்கே திரும்பிவிட்டது. தினமும் காலையில் ஒரு பிடி வைக்கிறேன். முளைக்கும்வரை அவற்றுக்கு நொய், எனக்கு விதை.

2024 பிப்ரவரி 26

எட்டாம் நாள். சாக்கைத் தூக்கியபோது முதலில் ஒன்றும் தெரியவில்லை. குப்புறப் படுத்து, கண்ணைத் தரைக்கு இணையாக வைத்துப் பார்த்தேன். வெயில் சாய்வாக வந்தது. மண்ணின் மேல் ஒரு பச்சை ஆவி மாதிரி. ஒவ்வொன்றும் அரை அங்குலம்கூட இல்லை, அடியில் விதையின் உமி இன்னும் ஒட்டியிருக்கிறது. பேரனும் பக்கத்தில் படுத்துக்கொண்டு "தாத்தா, முடி" என்றான்.

சாக்கை மாலையில் எடுத்தேன். நண்பகலில் எடுத்தால் இளமுளை வாடும். நாள் தள்ளி எடுத்தால் சாக்கின் இழைக்குள் புகுந்து, எடுக்கும்போது கையோடு வந்துவிடும்.

2024 மார்ச் 10

சூலூர்த் தம்பிக்கும் முளைத்துவிட்டது. படம் அனுப்பியிருந்தார், நன்றாக இருக்கிறது. மேற்கு ஓரம் மட்டும் வட்டமாகக் கரிந்திருப்பது பற்றிக் கேட்டிருக்கிறார். மாலை ஆறு மணிக்கு மேல் நீர் விடுகிறீர்களா? இரவு முழுவதும் இலை நனைந்தே இருந்தால் பூஞ்சணம் பிடித்து அடி அழுகும். காலையில் விடுங்கள். இனி தினம் தெளிக்க வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு மூன்று நாளுக்கு ஒரு முறை, ஆழமாக. வேர் கீழே போகப் பழகட்டும்.

2024 மார்ச் 24

முதல் வெட்டு. இரண்டரை அங்குலம் வந்ததும் மேலே மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்தேன். கத்தியைச் சாணை பிடித்துவிட்டே வெட்டினேன், இல்லாவிட்டால் இளம்புல் வேரோடு பெயரும். மறுநாள் யூரியா, சதுர மீட்டருக்குப் பத்து கிராம், உடனே நிறைய நீர். வெட்டியதும் புல் மேலே போவதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் ஓடத் தொடங்கிவிட்டது. கணுவில் வேர் விடுவது கண்ணுக்குத் தெரிகிறது.

2024 ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். இரண்டு விஷயங்களில் மனம் மாறியிருக்கிறேன்.

விதை அளவு. சூலூர்த் தம்பிக்குத் தொலைபேசியில், ஒரு கிலோ மிக அதிகம், மூன்று சென்ட்டுக்கு 365 கிராம் போதும் என்று சொல்லியிருந்தேன். ஹெக்டேருக்கு 30 கிலோ என்று நம் தோட்டக்கலை நூல்கள் சொல்லும் கணக்கு அது. சதுர மீட்டருக்கு மூன்று கிராம். நல்ல விதையாக இருந்து, மூடிக்கொள்ள மூன்று நான்கு மாதம் காத்திருக்க முடிந்தால் சரி. ஆனால் பாதிதான் முளைக்கும் விதைக்கு அது போதாது. வெற்றிடம் இருந்தால் களை உட்காரும். நான் ஐந்து கிராம் போட்டேன்; இன்னொரு முறை செய்தால் ஆறு போடுவேன். அவர் என் பேச்சைக் கேட்டுக் குறைத்துப் போட்டதால் இன்னும் திட்டுத் திட்டாக இருக்கிறது. மீதி விதை கையில் இருப்பதால் அந்த இடங்களில் மறுபடி தூவச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது தண்ணீர். புல்லுக்குள் காலி டப்பா ஒன்றை வைத்து நீர் எவ்வளவு விழுகிறது என்று அளந்தேன். ஒரு மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். இந்த வெயிலில் நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் கேட்கிறது. ஒன்றரை சென்ட் என்பது அறுபது சதுர மீட்டர். ஆகவே நாளுக்கு 300 லிட்டர். தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நிற்கும்போது இந்தக் கணக்கு எனக்கு உறுத்துகிறது. சமையலறையில் காய் கழுவிய நீரையும் துணி அலசிய கடைசி நீரையும் தொட்டியில் பிடித்து விடுகிறேன். அது பாதிக்குத் தேறுகிறது. மீதிக்கு நான் எடுத்த முடிவு, ஐந்து நாளுக்கு ஒரு முறை மட்டும் விடுவது. அருகு பழுத்துப்போகும், வேர் சாகாது. மழை வந்ததும் திரும்பிவிடும். சித்திரையிலும் பச்சையாகவே இருக்க வேண்டும் என்று யாரும் கட்டளையிடவில்லை.

மூன்று சென்ட் முழுவதும் புல் வேண்டாம் என்று இப்போது தம்பிக்கும் சொல்வேன். மாமரத்தடியில் சருகு கிடக்கட்டும்.

2024 ஜூன் 23

காற்று தொடங்கிவிட்டது. போன வருடம் இதே நாளில் இங்கே எழுந்த புழுதி இப்போது இல்லை. முன்வாசல் சன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம். இரண்டு கோடை மழையில் புல் பழுப்பிலிருந்து பச்சைக்குத் திரும்பி, நடுவில் இருந்த கடைசி மொட்டைத் திட்டும் மூடிக்கொண்டது.

தம்பி, நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம், கோரை இன்னும் வருகிறது. ஞாயிறுதோறும் காலையில், மண் ஈரமாக இருக்கும்போது, பழைய திருப்புளி ஒன்றைப் பக்கவாட்டில் செருகிக் கிழங்கோடு நெம்பி எடுக்கிறேன். போன வாரம் பதினொன்று. இன்று ஏழு. அதில் இரண்டு, கேட்டருகே கல்லுக்கு அடியிலிருந்து வருபவை. அந்தக் கல்லை அடுத்த வாரம் புரட்ட வேண்டும்.